சிக்கிக்கொண்ட சன்ரூஃப்: பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னுடையது 2012 மாடல் செடான். நான் அதற்கு மூன்றாவது ஓனர். வாங்கிய இரண்டாவது வருடம், ஐப்பசி மாதத்தில் ஒரு சாயங்காலம் கூடுவாஞ்சேரி தாண்டி வந்துகொண்டிருந்தேன். தூறல் விழுந்ததும் சன்ரூஃபை, அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடியை, மூடப் போனேன். முக்கால்வாசி மூடி, ஒரு முனகலோடு நின்றுவிட்டது. அன்றைக்குப் பதற்றத்தில் நான் செய்த தப்பும், பிறகு பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதும் நண்பர்களுக்குத் தெரியும் என்பதால், அவரவர் காரில் பிரச்சினை வரும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாமே மோட்டாரில் ஓடும், கண்ணாடி பின்பக்கமாக நகரும் வகைக்கானவை.

நடுரோட்டில் திறந்தபடி நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வது?

சுவிட்சிலிருந்து விரலை எடுங்கள். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், இன்ஜினை அணைக்க வேண்டாம். பேட்டரி பழசாக இருந்தால் இன்ஜின் ஓடும்போதுதான் மோட்டாருக்கு முழு வேகம் கிடைக்கும்.

கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இலை, குச்சி, குழந்தை போட்ட பென்சில் என்று ஏதாவது கண்ணாடி ஓடும் தண்டவாளத்தில் கிடந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு கூட வந்தவரை வெளியே நிறுத்தி, கண்ணாடியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை விரித்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே மூடும் சுவிட்சை ஒருமுறை அமுக்கும்போது அவர் மூடும் திசையில் மெதுவாகத் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. விரல் நுனி இடுக்குக்குள் போகவே கூடாது. பிசுபிசுத்து நின்ற சன்ரூஃப் பல நேரம் இந்த ஒரு உதவியிலேயே மூடிவிடும்.

மூடாவிட்டால், இரண்டாவது முயற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே ஒரு தார்பாயோ தடிமனான பாலிதீனோ போட்டு, அதன் ஓரங்களைக் கதவு இடுக்கில் கொடுத்துக் கதவைச் சாத்துங்கள். அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை மட்டும் பெயின்ட் மேல் ஒட்டாதீர்கள். மறுநாள் வெயிலில் அதன் பசை கூரையிலேயே தங்கிவிடும். பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் தேவலை. இந்தக் கோலத்தில் ஹைவேயில் வேகமாகப் போக வேண்டாம். காற்று புகுந்தால் பாலிதீன் பிய்த்துக்கொண்டு பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் போய் விழும்.

சுவிட்சை நாலைந்து தடவை அமுக்கினால் சில சமயம் மூடுகிறதே?

மூடும். எனக்கும் அன்றைக்கு ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. மூடிவிட்டது என்று நினைத்தேன். இடது பக்கம் மட்டும் மூடி, வலது பக்கம் அப்படியே நின்று, கண்ணாடி கோணலாகிக் கிடந்தது.

ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் விரல் தானாக நின்றுவிடும். கண்ணாடியை நகர்த்துவது இரண்டு கேபிள்கள். பிரேக் கேபிள் மாதிரி இழுபடுவதற்கு மட்டும் ஆனவை அல்ல இவை, தள்ளவும் செய்யும். நடுவில் எஃகு நரம்பு, அதைச் சுற்றித் திருகாணி மாதிரி கம்பி சுற்றியிருக்கும். மோட்டாரின் சின்னப் பல் சக்கரம் இரண்டு கேபிளுக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்தச் சுற்றுகளின் இடைவெளியில் பல்லைக் கொடுத்துத் திருப்பும். ஒரே சக்கரம் திருப்புவதால் இரண்டு பக்கமும் சம அளவில் நகர்கின்றன. இப்போது வலது பக்கத் தண்டவாளத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். கேபிளின் சுற்று நசுங்கும், அல்லது சக்கரம் ஒரு பல் தாண்டிக் குதிக்கும், அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கைடு உடையும். முதல் தடவை நின்றபோதே நான் விட்டிருந்தால் சுத்தம் செய்து கிரீஸ் போடும் வேலையோடு முடிந்திருக்கும். பட்டறைக்குப் போனபோது அது கேபிள் மாற்றும் வேலையாகிவிட்டது.

சத்தத்தை வைத்து என்ன பழுது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை அமுக்கிக் கேளுங்கள்.

ஒரு சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், மோட்டார் இந்த மூன்றில் ஒன்று. ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே படம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றால், பெரும்பாலும் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் திருப்ப முடியவில்லை என்று அர்த்தம். மோட்டார் 'ஙொய்' என்று சுற்றுகிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் பல் தேய்ந்திருக்கிறது, இல்லை கேபிள் போய்விட்டது. கொஞ்சம் நகர்ந்து தானாகத் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் பழுதே அல்ல. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

நிறைய தடவை அமுக்கிய பிறகு மோட்டார் சுத்தமாகச் செத்தது மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். சூடாகிப்போன மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது உண்டு. அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள்.

மோட்டார் ஓடவில்லை. கையால் மூட வழி இருக்கிறதா?

பழைய கார்களில் பெரும்பாலும் இருக்கிறது. முன்பக்க ரூம் லைட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் மோட்டாரின் அடியில் ஆலன் கீ நுழையும் அறுகோணத் துளை தெரியும். சில கார்களில் மோட்டார் பின்பக்கம் இருக்கும். அதற்கான கீயை ஃபியூஸ் பெட்டி மூடியிலோ டூல் கிட்டிலோ செருகி வைத்திருப்பார்கள். பழைய ஓனர்கள் தொலைத்திருப்பார்கள். 4 மி.மீ. அல்லது 5 மி.மீ. ஆலன் கீ பல கார்களுக்குப் பொருந்தும். சில மோட்டாரில் கீயை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் பிடிக்கும்.

சாவியை அணைத்துவிட்டு, மெதுவாக. பத்துச் சுற்றுக்குக் கண்ணாடி ஒரு விரற்கடை நகர்ந்தாலே போதும். திடீரென்று இறுகினால் அங்கேயே நிறுத்தி, எதிர்த் திசையில் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி வாருங்கள். கம்பியை மாட்டி நெம்புகோல் மாதிரித் திருப்புவதெல்லாம் வேண்டாம்.

இந்தத் துளையே இல்லாத கார்களும் உண்டு. அதில் மோட்டாரின் திருகுகளை எடுத்துக் கீழே இறக்கினால் கேபிள்கள் விடுபடும். பிறகு கண்ணாடியைக் கையால் தள்ளலாம். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்திருந்த பல் சக்கரம் இப்போது இல்லை. ஒரு பக்கம் முந்தினால் கோணல்தான். இரண்டு பேர் வேண்டும்.

மூடி முடிக்கும்போது தானாகத் திறந்துகொள்கிறது. பேய் பிடித்ததா?

இது அந்தக் காரின் பாதுகாப்பு ஏற்பாடு. மூடும்போது குழந்தையின் கையோ கழுத்தோ மாட்டினால், மோட்டாருக்கு ஏற்படும் தடையை உணர்ந்து கண்ணாடி பின்வாங்க வேண்டும். தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தாலும் அதே தடைதான் தெரியும். மோட்டாருக்குக் கையும் காய்ந்த கிரீஸும் ஒன்றுதான்.

இன்னொரு காரணம், பேட்டரி மாற்றியிருப்பீர்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் கண்ணாடி எங்கே இருக்கிறது என்ற கணக்கைச் சில கார்கள் மறந்துவிடும். மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். பல கார்களில் மூடும் சுவிட்சையோ பின்பக்கம் தூக்கும் சுவிட்சையோ 10 முதல் 30 வினாடி விடாமல் அமுக்கிப் பிடித்தால் கண்ணாடி ஒருமுறை அசைந்து நிற்கும். அவ்வளவுதான். எந்தச் சுவிட்ச், எவ்வளவு நேரம் என்பது காருக்குக் கார் மாறும். கையேட்டில் ரீசெட் அல்லது இனிஷியலைசேஷன் என்ற தலைப்பில் இருக்கும். கோணலாக நிற்கும் கண்ணாடிக்கு மட்டும் ரீசெட் செய்யாதீர்கள். அந்தக் கோணலையே அது சரியான இடமாக எடுத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்து கிரீஸ் போடுவதை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. காலை வெயில் ஏறுவதற்கு முன்பு, நிழலில். உச்சி வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக் துண்டுகள் இளகிக் கிடக்கும், கூரையில் கை வைக்கவும் முடியாது.

கண்ணாடியை முழுக்கத் திறந்து, சாவியை எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் அலுமினியத் தண்டவாளம் தெரியும். அதில் இருக்கும் பழைய கிரீஸ் வெள்ளையாகவோ தெளிவாகவோ இருந்திருக்க வேண்டியது. நம் ஊர்ப் புழுதி சேர்ந்து பத்து வருடத்தில் பனங்கருப்பட்டிப் பாகு மாதிரி ஆகியிருக்கும். பழைய டூத் பிரஷ், பஞ்சு சுற்றிய குச்சி, நூல் விடாத துணி. பிடிவாதமான அழுக்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம்; பிளாஸ்டிக் கைடையும் ரப்பரையும் கெடுக்கும். துடைக்கும்போது அழுக்கைப் பின்பக்கம் தள்ளிவிடாமல் உங்கள் பக்கம் இழுத்து எடுங்கள். மூலைகளில் ஒரு சின்னத் துளை தெரியும், அது தண்ணீர் வடியும் வழி. அதற்குள் அழுக்கைத் தள்ளிவிட்டால் அடுத்த மழையில் வேறு கேள்வியோடு வருவீர்கள்.

பிறகு கிரீஸ். சன்ரூஃபுக்கு என்றே கம்பெனிகள் பரிந்துரைக்கும் கிரீஸ் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் ஏற்ற சிலிக்கோன் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் கூடாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருக்கும். ஊதிய பீடிங்கே கண்ணாடியை மறுபடி சிக்கவைக்கும். அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி ஒரு மெல்லிய படலம் போதும். ரொம்பப் போட்டால் அது புழுதிக்கு வைத்த பசை. போட்ட பிறகு மூன்று நான்கு முறை திறந்து மூடி, ஓரத்தில் பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

அடித்த அன்றைக்கு வெண்ணெய் மாதிரி ஓடும். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற கரைப்பான். இருந்த கொஞ்ச நஞ்ச கிரீஸையும் கரைத்துவிட்டுத் தானும் போய்விடும். சில வாரத்தில் முன்பைவிட மோசமாக இறுகும். துருப்பிடித்த நட்டுக்கு அது நல்ல பொருள்தான், இங்கே வேண்டாம்.

கண்ணாடியையே கழற்றிப் பார்க்க வேண்டுமா?

சுத்தம் செய்தும் ஒரு பக்கம் தயங்கினால், ஆம். நினைப்பதைவிட எளிது. கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிய நிலையில் வைத்து, உள் மறைப்பைப் பின்னுக்குத் தள்ளினால் பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஸ்டார் திருகு இருக்கும். அவற்றை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வெளிப்பக்கமாக மேலே தூக்க வேண்டும். கழற்றும் முன்பு திருகு உட்கார்ந்திருந்த இடத்தை பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் உயரத்தை அங்கேதான் சரிசெய்வார்கள், குறி இல்லாவிட்டால் பிறகு காற்றுச் சத்தம் கேட்கும். கூரையின் மேல் பழைய போர்வையை விரித்து வையுங்கள். இது கெட்டித்தன்மை ஏற்றிய கண்ணாடி. நடுவில் தாங்கும், ஆனால் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஒரே நொடியில் உப்பு மாதிரி உதிர்ந்துவிடும்.

என் காரில் இதைச் செய்தது புதுப்பேட்டையில் ஒரு பெரியவர். கண்ணாடியைத் தூக்கிப் போர்வையில் வைத்துவிட்டு, டார்ச் அடித்து வலது தண்டவாளத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடுக்கியை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு, கூடவே காய்ந்த வேப்பிலைக் காம்பு ஒன்று. "இதுதான் சார் உங்க பிரச்சினை. ஆனா நீங்க ரொம்ப அமுக்கிட்டீங்க போல இருக்கே?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "கேபிளைப் பாருங்க" என்று டார்ச்சைத் திருப்பினார். இரண்டு அங்குல நீளத்துக்குக் கம்பிச் சுற்று மழுங்கி, பல் பிடிக்க இடமில்லாமல் பளபளத்தது.

ஒர்க்‌ஷாப்பில் முழு அசெம்ப்ளியும் மாற்ற வேண்டும் என்கிறார்களே?

எனக்கும் முதலில் போன இடத்தில் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். பல கார் கம்பெனிகள் கைடு, கேபிள் என்று தனித்தனியாக விற்பதில்லை. தண்டவாளத்தோடு ஒரே தொகுதியாகத்தான் பட்டியலில் இருக்கும். ஆகவே கவுன்டரில் இருப்பவருக்கு வேறு வழி தெரியாது.

உங்களுக்கு உண்டு. சன்ரூஃபைப் பெரும்பாலும் கார் கம்பெனி தயாரிப்பதில்லை. வெபாஸ்டோ, இனால்ஃபா போன்ற தனி நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. சன்ரூஃபின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாகத்தின் எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, கோவையில் உக்கடம் என்று விசாரியுங்கள். விபத்தில் நொறுங்கிய அதே மாடல் கார் ஒன்றின் கூரை அங்கே எங்காவது சாத்திவைக்கப்பட்டிருக்கும். உடைந்த துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். இடது, வலது கைடுகள் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி மாறியிருக்கும்; வாயால் சொன்னால் தப்பான பக்கத்தைத்தான் கொடுப்பார்கள். ரிப்பேர் கிட் என்று இணையத்திலும் கைடுகள் கிடைக்கின்றன. அதை வாங்கும்போதும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேபிளை நானே மாற்றலாமா?

வேண்டாம் என்பேன். கண்ணாடியைக் கழற்றுவது வேறு, இது வேறு. பெரும்பாலான கார்களில் ரூஃப் லைனிங்கை, அதாவது கூரையின் உள்பக்க மறைப்பை, இறக்க வேண்டும். அதற்குத் தூண் மறைப்புகள், கைப்பிடிகள், சன்வைசர் எல்லாம் கழற்ற வேண்டும். பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் காரில் அது அந்த லைனிங்கின் ஓரத்திலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் காத்திருக்காமல் அங்கே கை வைக்கவே கூடாது. லைனிங் ஒரு இடத்தில் மடிந்தால் அந்தக் கோடு கடைசிவரை போகாது. எல்லாம் முடிந்து கேபிளை மாட்டும்போது இரண்டு பக்கமும் குறி பார்த்து ஒரே பல்லில் சேர்க்க வேண்டும். செய்து பழகியவர் செய்யட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், அது தப்பில்லை.

சன்ரூஃப் மூடித்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே தண்ணீர் வருகிறது. பீடிங் மாற்ற வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். பீடிங் தண்ணீரை முழுக்கத் தடுக்கும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. கொஞ்சம் உள்ளே வரும், சுற்றியுள்ள வாய்க்காலில் விழும், நான்கு மூலைகளிலும் உள்ள குழாய் வழியாக வெளியே போகும். முன் குழாய் இரண்டும் முன்கண்ணாடித் தூணுக்குள் இறங்கும். பின்னவை பின் தூண் வழியாகப் போகும். சித்திரை வாக்கில் வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்தும் கார்களில் பூவும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மழை வரும்வரை தெரியாது.

ஒரு டம்ளர் தண்ணீரை மூலையில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். சக்கரத்தின் பக்கமோ கதவுக் கீலின் பக்கமோ தண்ணீர் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு. தடிமனான தூண்டில் நரம்பின் நுனியைத் தீயில் லேசாக உருட்டிக்கொண்டு, மேலிருந்து சிறிது சிறிதாக விடுங்கள். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் குழாய் உள்ளே கழன்றுகொள்ளும். அப்புறம் தூணுக்குள் தண்ணீர் கொட்டும். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியும் எலெக்ட்ரானிக்ஸும் நனைந்தால் வரும் செலவுக்கு முன்னால் சன்ரூஃப் செலவு ஒன்றுமில்லை.

ஒரு விஷயம்: முன்சீட்டின் கால் வைக்கும் இடம் மட்டும் ஈரமாக இருந்து, வெயில் நாளிலும் அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் ஏசி தண்ணீர் வடியும் குழாயின் அடைப்பு. சன்ரூஃபைத் திட்ட வேண்டாம்.

எதற்கு வம்பு? சிலிக்கோன் போட்டு நிரந்தரமாக மூடிவிட்டால்?

நிறையப் பேர் செய்கிறார்கள், நான் குறை சொல்லமாட்டேன். பத்து வருடக் காருக்கு அதன் விலையில் பாதியைக் கூரையில் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சிலிக்கோன் பேஸ்ட் வேண்டாம். பெயின்டைக் கெடுக்கும், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு விளிம்பு விடும், பிறகு யார் வந்தாலும் பிரிக்க முடியாது. கையால் சரியாக மூடிவிட்டு மோட்டாரின் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள், போதும். ஃபியூஸை எடுக்கலாம்தான், ஆனால் அதே ஃபியூஸில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி மூடிய பிறகும் வடிகுழாய்களைச் சுத்தமாக வைக்க வேண்டும்.

சரியாகிவிட்டது. மறுபடி சிக்காமல் இருக்க?

மாதத்துக்கு இரண்டு தடவையாவது முழுக்கத் திறந்து மூடுங்கள். புரட்டாசியில், வடகிழக்கு மழைக்கு முன்பு, ஒருமுறை தண்டவாளத்தைத் துடைத்து டம்ளர் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். வாட்டர் சர்வீஸ் பையனிடம் பீடிங் இடுக்கில் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், சன்ரூஃப் வழியாகத் தலை நீட்டிக்கொண்டு போகும் அந்த மாப்பிள்ளை ஊர்வலம். குழந்தைகளைத் தலை நீட்டவிடுவது எவ்வளவு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் விடுகிறோம். உயிர் விஷயத்தை விட்டுவிட்டு இரும்பு விஷயத்துக்கு வந்தாலும், விளிம்பில் உட்கார்ந்து கையூன்றும்போது முன்பக்கக் காற்றுத் தடுப்பின் கைகள் வளைகின்றன, தண்டவாளம் பிதுங்குகிறது. புதுப்பேட்டைப் பெரியவர் ஒரு காரைப் பார்த்ததுமே "இதுல யாரோ ஏறி நின்னிருக்காங்க" என்று சொன்னதை நேரில் கேட்டிருக்கிறேன்.

சன்ரூஃப் உள்ள பழைய கார் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

திறப்பதைப் பார்க்காதீர்கள், மூடுவதைப் பாருங்கள். இரண்டு முன் மூலைகளும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். உள் லைனிங்கில் ரூம் லைட்டைச் சுற்றி டீக்கறை மாதிரி வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்சீட்டின் கால்மிதியைத் தூக்கி அடியில் உள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்தி, கையை முகர்ந்து பாருங்கள். விற்பவர் "அதை நாங்க யூஸ் பண்றதே இல்ல சார், அதான் கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றால், லைனிங்கை இறக்கி ஏற்றும் கூலியோடு சேர்த்து விலையில் குறைத்துப் பேசுங்கள்.